கடன் தீர்த்த கதைகள்

1895-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் 59 வயது மனிதர் ஒருவர் மேடையேறினார். காலில் ராஜபிளவை வந்து பல வாரங்கள் படுக்கையில் கிடந்து எழுந்தவர். அவர் பங்குதாரராக இருந்த பதிப்பகம் முந்தைய ஆண்டு திவாலாகியிருந்தது. தலைக்கு மேல் சுமார் ஒரு லட்சம் டாலர் கடன்.

அன்று தொடங்கிய பயணம் ஓராண்டு நீடித்தது. வட அமெரிக்காவைக் கடந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா என்று உலகைச் சுற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகளில் அவர் நின்றார். தம் வாழ்வில் நேர்ந்தவற்றை, பெரும்பாலும் தமக்கு நேர்ந்த அவமானங்களை, நிதானமாகச் சொன்னார். அரங்குகள் வயிறு வலிக்கச் சிரித்தன. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர்தான் மார்க் ட்வெய்ன். இயற்பெயர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமன்ஸ். பொருளாதாரத்தில் மூலதனத்துக்குப் பல வரையறைகள் உண்டு. கடன் கொடுத்தவர்கள் எவராலும் ஜப்தி செய்ய முடியாத மூலதனம் ஒன்று அவரிடம் இருந்தது: தம் கதையைத் தாமே சொல்லும் கலை. அதை அவர் எங்கே ஈட்டினார் என்பதே அவருடைய வாழ்க்கை வரலாறு.

1835 நவம்பர் 30 அன்று மிசௌரி மாநிலத்தின் ஃபுளோரிடா என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். நான்கு வயதை எட்டும் முன்பே குடும்பம் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹானிபல் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி, நேர்மையானவர். ஆனால் தொழிலில் தொட்டதெல்லாம் நட்டம். 1847-இல் அவர் இறந்தபோது சாமுவேலுக்கு 11 வயது. பள்ளிப் படிப்பு விரைவில் நின்றது. சிறுவன் அச்சகத்தில் பயிற்சியாளாகச் சேர்ந்தான்.

ஆனால் கதை சொல்லும் பாடத்தை அவன் அதற்கு முன்பே படிக்கத் தொடங்கியிருந்தான். மிசௌரி அடிமை முறையை அனுமதித்த மாநிலம். தாயின் உடன்பிறந்தவர் வீட்டுப் பண்ணையில் சிறுவன் கோடைக் காலங்களைக் கழிப்பதுண்டு. அங்கே அடிமையாக இருந்த டேனியல் என்ற நடுவயதுக்காரரைக் குழந்தைகள் மாமா என்றே அழைத்தனர். இரவில் அடுப்பின் முன்னால் அவர்களைக் கூட்டி வைத்து அவர் பேய்க்கதை சொல்வார்.

அவற்றுள் ஒன்று தங்கக் கையின் கதை. இறந்த மனைவியின் தங்கக் கையைப் புதைகுழியிலிருந்து தோண்டி எடுத்துவந்த ஒருவனை, அவளுடைய ஆவி காற்றோடு காற்றாகத் தேடி வருகிறது. தன் கையை எடுத்தவர் யார் என்று தூரத்தில் ஒரு முனகல். பிறகு வாசலில், பிறகு மாடிப்படியில், பிறகு கட்டிலருகில். அங்கே டேனியல் நிறுத்திவிடுவார். அடுப்பின் நெருப்பு மட்டும் அசையும். குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில், எதிரே இருக்கும் ஒருவரை நோக்கித் திடீரென்று கத்துவார். குழந்தைகள் துள்ளி விழுவார்கள்.

அந்த மௌனத்தின் நீளத்தை ட்வெய்ன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பிற்காலத்தில் இதே கதையை மேடைதோறும் சொன்னார். மௌனம் ஒரு கணம் குறைந்தாலும் பயன் இல்லை. ஒரு கணம் கூடினாலும், கேட்பவர்கள் வரப்போவதை ஊகித்துவிடுவார்கள். இசைக் கலைஞர்கள் காலப்பிரமாணம் என்று சொல்வது கதைக்கும் உண்டு என்பதை அவருக்குக் கற்பித்தவர், எழுதப் படிக்கும் வாய்ப்பே தரப்படாத சமூகத்தைச் சேர்ந்த ஒருவர்.

அச்சகத்துக்குப் பிறகு ஆறு. 1857-இல் மிசிசிப்பி நீராவிப் படகுகளில் வழிசெலுத்தும் தொழிலைக் கற்கத் தொடங்கி, 1859-இல் உரிமம் பெற்றார். இடையில் ஒரு பேரிழப்பு நேர்ந்தது. தம்பி ஹென்றியைப் படகு வேலையில் சேர்த்துவிட்டவர் அவரே. 1858-இல் அந்தப் படகின் கொதிகலன் வெடித்து ஹென்றி உயிரிழந்தார். மேலாளரோடு நேர்ந்த சண்டையால் அந்தப் பயணத்தில் சாமுவேல் படகில் இல்லை. தம்பியைச் சாவுக்கு அனுப்பியவன் தானே என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டு ஆற்றுப் போக்குவரத்து நின்றது. அண்ணனோடு நெவாடாவுக்குப் போனார். வெள்ளிச் சுரங்கத்தில் செல்வம் தேடித் தோற்று, செய்தியாளரானார். 1863-இல் மார்க் ட்வெய்ன் என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். ஆற்றின் ஆழம் இரண்டு பாகம், அதாவது 12 அடி இருக்கிறது, படகு தரை தட்டாமல் போகலாம் என்பதைக் குறிக்கும் படகோட்டிகளின் சொல் அது.

அந்த ஆண்டின் இறுதியில் ஆர்டிமஸ் வார்டு என்ற புகழ்பெற்ற நகைச்சுவைப் பேச்சாளர் நெவாடாவுக்கு வந்தார். தாம் சொல்வது வேடிக்கையானது என்பதே தமக்குத் தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு பேசியவர் அவர். ஓராண்டு கழித்து, கலிபோர்னியாவின் சுரங்க முகாம் ஒன்றில் ஒரு முதியவர் பந்தயத் தவளை பற்றிய கதையை, வழக்காடு மன்றத்தில் சாட்சி சொல்வதுபோல் ஏற்ற இறக்கமின்றிச் சொல்லக் கேட்டார் ட்வெய்ன். 1865 நவம்பரில் நியூயார்க் இதழொன்றில் அந்தத் தவளைக் கதையை எழுதி வெளியிட்டார். நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது.

மறு ஆண்டு ஹவாய்த் தீவுகளுக்குச் செய்தியாளராகப் போய்த் திரும்பியவர், கையில் காசில்லாமல், சான்பிரான்சிஸ்கோவில் ஓர் அரங்கைக் கடனுக்கு வாடகைக்குப் பிடித்தார். 1866 அக்டோபர் 2 அன்று முதல் சொற்பொழிவு. பயத்தில் உண்ணவும் முடியவில்லை, உறங்கவும் முடியவில்லை. இடிபோல் சிரிக்கக்கூடிய நண்பர்களைக் கூட்டத்தில் ஆங்காங்கே அமர்த்தினார். நகரப் பிரமுகர் ஒருவரின் மனைவியிடம், தாம் அவர் பக்கம் திரும்பிப் புன்னகைத்தால் அங்கே ஒரு நகைச்சுவை இருக்கிறது என்று பொருள், உடனே சிரிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அரங்கு நிரம்பியது, அச்சம் நீங்கியது. உரையின் நடுவே உருக்கமான ஒரு பகுதி. கூட்டம் கட்டுண்டு அமைதியாக இருந்தது. அப்போது அவர் பார்வை தற்செயலாக அந்த அம்மையாரின் மீது விழ, தம்மையறியாமல் புன்னகைத்துவிட்டார். அம்மையார் வாக்குத் தவறாமல் சிரித்தார். அரங்கமே வெடித்துச் சிரித்தது. அன்றைய மாலையின் மிகப் பெரிய சிரிப்பு அழவைக்க எழுதிய இடத்தில்தான் எழுந்தது என்று அவரே பின்னாளில் எழுதிவைத்தார். வெற்றியைச் சொல்லும் இடத்திலும் தம்மைக் கேலிக்கு உரியவராக நிறுத்திக்கொள்வது அவர் வழக்கம்.

அவருடைய சரளம் உழைப்பில் விளைந்தது. ஆரம்ப நாள்களில் உரையின் வரிசை மறக்காமலிருக்க, ஒவ்வொரு பகுதியின் முதல் எழுத்தையும் விரல் நகங்களில் மையால் எழுதிக்கொண்டார். எந்த விரல் முடிந்தது என்பது குழம்பியது, முடிந்த எழுத்தை நாக்கால் நக்கி அழிக்கவும் முடியவில்லை. பேச்சாளருக்குப் பேச்சைவிட நகங்கள்மீதே நாட்டம் என்று கூட்டத்தினர் எண்ணிக்கொண்டனர். பிறகு படங்களாக வரைந்து மனத்தில் பதித்துக்கொள்ளும் முறைக்கு மாறினார். 1884-85-இல் எழுத்தாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிளோடு ஊர் ஊராகச் சென்றபோது, அச்சிட்ட பக்கத்தை அப்படியே படித்தால் கதை செத்துவிடுகிறது என்று கண்டு, தம் எழுத்தையே மனப்பாடம் செய்து, பேச்சுமொழிக்கு உருமாற்றிச் சொன்னார்.

1870-இல் ஒலிவியா லாங்டனை மணந்தார். ஒலிவியாவின் சகோதரி குடும்பத்தின் பண்ணை வீடு எல்மைரா நகரில் இருந்தது. அங்கே சமையல் செய்தவர் மேரி ஆன் கார்டு, முன்னாள் அடிமை. எப்போதும் உரக்கச் சிரிப்பவர். ஒரு மாலை, இத்தனை வயது வாழ்ந்தும் துயரமே காணாதவராக இருக்கிறீர்களே என்ற பொருளில் ட்வெய்ன் விளையாட்டாகக் கேட்டுவிட்டார். அந்தப் பெண்மணியின் முகத்திலிருந்து சிரிப்பு மறைந்தது. கணவரும் ஏழு பிள்ளைகளும் ஏலத்தில் ஒவ்வொருவராக விற்கப்பட்டதையும், கடைசி மகனைப் பல ஆண்டுகளுக்குப் பின் போர்க்காலத்தில் கண்டெடுத்ததையும் அவர் சொன்னார்.

1874-இல் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் ட்வெய்ன் அதை, பெயரை மட்டும் மாற்றி, அவர் சொன்ன மொழியிலேயே எழுதினார். கதையின் தொடக்கத்தில் படிக்கட்டில் கீழே அமர்ந்திருக்கும் அந்தப் பெண்மணி, கதை வளர வளர எழுந்து நிற்கிறார். கேட்பவர்களுக்கு மேலாக உயர்ந்து தெரிகிறார். கேள்வி கேட்ட எழுத்தாளரோ வாயடைத்துப்போனவராகக் கதையில் இடம்பெறுகிறார். சிரிப்பவருக்குத் துயரமில்லை என்று எண்ணிய தம் அறியாமையை அவர் மறைக்கவில்லை.

சறுக்கலும் உண்டு. 1877 டிசம்பரில் பாஸ்டனில் கவிஞர் விட்டியரின் 70-ஆவது பிறந்தநாள் விருந்து. எமர்சன், லாங்ஃபெல்லோ, ஹோம்ஸ் ஆகிய மூத்த படைப்பாளிகள் எதிரே அமர்ந்திருக்க, மூன்று நாடோடிகள் அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடிசையில் தின்று குடித்து ஏமாற்றியதாக ஒரு கதையைச் சொன்னார் ட்வெய்ன். கூட்டம் உறைந்துபோனதாக அவர் உணர்ந்தார். மூவருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து அந்த உரையை எடுத்துப் படித்தபோது அதில் குற்றம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. குற்றம் உரையில் இல்லாமலிருக்கலாம். ஆனால் அவருடைய சிறந்த கதைகளில் அடிபடுபவர் அவரே. அன்று மட்டும் அடி அடுத்தவர்மீது விழுந்தது. அந்த வேறுபாட்டை எந்தக் கூட்டமும் உடனே உணர்ந்துவிடும்.

‘டாம் சாயர்’, ‘ஹக்கிள்பெரி ஃபின்’ எனப் புகழ் வளர்ந்தது. தொழில் முனைவோராகவும் வெல்லவேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. 1884-இல் சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். முன்னாள் அதிபர் கிராண்டின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு, அவர் மறைவுக்குப் பின் குடும்பத்துக்கு ஒரே காசோலையில் இரண்டு லட்சம் டாலர் அளித்தார். இந்த வெற்றியே கண்ணை மறைத்தது. ஜேம்ஸ் பெய்ஜ் என்பவர் உருவாக்கிய அச்சுக் கோக்கும் இயந்திரத்தில் ஆண்டுக்கணக்கில் பணத்தைக் கொட்டினார்.

சுமார் 18,000 உறுப்புகள் கொண்ட அந்த இயந்திரம் இயங்கும்போது அற்புதம். ஆனால் அடிக்கடி நின்றுவிடும். அதற்குள் எளிமையான லைனோடைப் இயந்திரம் செய்தித்தாள் அலுவலகங்களைப் பிடித்துவிட்டது. போட்ட பணம் போய்விட்டதே என்று மேலும் மேலும் பணம் போடுவதைப் பற்றிப் பொருளாதாரப் பாடநூல்கள் எச்சரிக்கின்றன. அச்சகத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர் அச்சு இயந்திரத்தாலேயே வீழ்ந்தார். 1894 ஏப்ரலில் பதிப்பகமும் மூடப்பட்டது.

கைவசமிருந்ததை ஒப்படைத்துவிட்டுக் கடனிலிருந்து விடுபடச் சட்டத்தில் வழி இருந்தது. ஒலிவியா அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு டாலரும் திருப்பித் தரப்படவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் ஹென்றி ரோஜர்ஸ் கணக்குவழக்குகளைப் பார்த்துக்கொண்டார். ட்வெய்ன் மனைவியோடும் மகள் கிளாராவோடும் உலகப் பயணம் புறப்பட்டார். மூத்த மகள் சூசியும் இளைய மகள் ஜீனும் அமெரிக்காவிலேயே தங்கினர்.

அந்தப் பயணத்தில் அவர் தம் உரையை ஒழுக்கப் பாடம் என்றே அறிமுகம் செய்தார். சிறுவயதில் திருடிய தர்பூசணி காயாக இருந்ததைக் கண்டு மனம் திருந்தி, அதை உரியவரிடமே கொண்டுபோய்க் கொடுத்து, பழுத்த பழம் ஒன்றைக் கேட்டு வாங்கிய கதை ஒரு பாடம். இன்னொன்று, பள்ளிக்கு மட்டம் போட்ட நாளின் கதை. வீட்டில் அடி விழும் என்று அஞ்சிய சிறுவன் தந்தையின் அலுவலகத்துக்குள் ஒளிந்து படுக்கிறான். தரையில் ஏதோ கிடக்கிறது, இருட்டில் தெரியவில்லை. சாளரம் வழியே விழும் நிலவொளி மெல்ல மெல்ல நகர்ந்து வருகிறது. சிறுவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு எண்ணுகிறான். திரும்பிப் பார்த்தால், ஒளியில் ஒரு கை. மீண்டும் எண்ணுகிறான். இப்போது ஒரு தோள். பிறகு ஒரு முகம். மார்பில் கத்திக் காயம். அன்று பகலில் குத்துப்பட்டுக் கொண்டுவரப்பட்டு இறந்த ஒருவருடைய உடல் அது.

நிலவு நகரும் வேகமே அந்தக் கதையின் வேகம். சிறுவன் சாளரம் வழியே வெளியேறியபோது சாளரச் சட்டத்தையும் உடன் கொண்டுபோனான். அது தேவைப்பட்டதால் அல்ல, விட்டுச்செல்வதைவிட எடுத்துச்செல்வது எளிதாக இருந்ததால் என்று முடிப்பார். அச்சத்தின் உச்சியில் வரும் அந்தச் சிரிப்பில் கேட்பவர்கள் இறுக்கம் தளர்வார்கள். ஆனால் தரையில் கிடந்த அந்த மனிதரை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

1896 ஜனவரியில் பம்பாய் வந்து சேர்ந்தார். விடுதியில் ஐரோப்பியர் ஒருவர், அறையில் வேலை செய்துகொண்டிருந்த இந்தியப் பணியாளரின் கன்னத்தில் காரணம் சொல்லாமல் அறைந்தார். பணியாளர் ஒரு சொல்லும் பேசாமல் அதை ஏற்றுக்கொண்டார். கணப்பொழுதில் ட்வெய்னின் மனம் 50 ஆண்டுகள் பின்னோக்கி மிசௌரிக்குப் பறந்தது. தம்மைப் பெற்ற தந்தை, அன்பானவர்தான், சிறு பிழைகளுக்காக அடிமைச் சிறுவனை அடித்ததும், வேறொருவர் எறிந்த இரும்புத் தாதுக் கட்டி பட்டு ஓர் அடிமை ஒரு மணி நேரத்தில் உயிர்விட்டதும் நினைவில் எழுந்தன. அதையும் பயண நூலில் எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கவைக்கும் நூலில், அந்த இடத்தில் மட்டும் வேடிக்கை இல்லை. மார்ச் இறுதியில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, சென்னையில் ஒரு நாள் தங்கி, இலங்கை வழியாக மொரீஷியஸ் சென்றார்.

1896 ஜூலையில் பயணம் முடிந்து இங்கிலாந்து சேர்ந்தார். அடுத்த மாதம் 18-ஆம் நாள் சூசி மூளைக்காய்ச்சலால் இறந்தார், வயது 24. தாயும் தங்கையும் அவரைப் பார்க்க நடுக்கடலில் வந்துகொண்டிருந்தனர். ட்வெய்னுக்குத் தந்தி மட்டும் கிடைத்தது. 13 வயதில் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கியவர் சூசி. தம் தந்தையை வெறும் வேடிக்கைக்காரராக உலகம் நினைக்கிறதே என்று அந்தச் சிறுமி அதில் வருந்தியிருந்தார்.

அந்தத் துக்கத்தினூடே லண்டனில் அமர்ந்து பயண நூலை எழுதி முடித்தார். 1897-இல் அது வெளிவந்தது. 1898-இன் தொடக்கத்தில் கடன் முழுவதும் அடைபட்டது. அடைபடாத கணக்கு ஒன்று அவருக்குள் எஞ்சியிருந்தது. 1904-இல் ஒலிவியாவும், 1909-இல் ஜீனும் மறைந்தனர்.

கடைசி ஆண்டுகளில் அவர் தன்வரலாற்றைச் சொல்லச் சொல்ல எழுதச் செய்தார். பிறப்பிலிருந்து தொடங்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அன்று மனத்தில் எழுவதை ஆர்வம் தீரும்வரை பேசி, பிறகு வேறொன்றுக்குத் தாவினார். சூசி எழுதிய வரலாற்றின் பகுதிகளையும் இடையிடையே சேர்த்தார். உண்மையைத் தடையின்றிச் சொல்ல, முழு நூல் தம் மறைவுக்கு 100 ஆண்டுகள் கழித்தே வரவேண்டும் என்று விரும்பினார். 1910 ஏப்ரல் 21 அன்று மறைந்தார். 2010-இல் அதன் முதல் தொகுதி வெளிவந்தது. மேடையில் அவர் விட்ட மௌனங்களில் அதுவே மிக நீண்டது எனலாம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கேள்வியைக் கேட்டுவிட்டு, காத்திருக்கப் பொறுமையின்றி நானே விடையையும் சொல்லிவிட்ட வகுப்புகள் உண்டு. அந்த வகுப்புகளில் மாணவர்களுக்கு எதுவும் தங்கவில்லை. மௌனம் என்பது பேச்சாளர் ஓய்வெடுக்கும் நேரம் அன்று. கேட்பவர் உழைக்கும் நேரம்.

இன்று மேடைதோறும் சொந்தக் கதை சொல்லப்படுகிறது. பேசுபவர் தம் நகைச்சுவைக்குத் தாமே முதலில் சிரித்துவிடுகிறார். சாதனைகளைச் சொல்ல விரைகிறார். தோல்விகளைத் தாண்டிக் குதிக்கிறார். ட்வெய்ன் தோல்விகளின் அருகில்தான் நின்று நிதானித்தார். தம்மை முதலில் சிரிப்புக்கு ஒப்புக்கொடுத்ததால், அடிமையின் துயரத்தை அவர் சொன்னபோதும் உலகம் காதுகொடுத்தது.

ஒரு லட்சம் டாலர் கடனை அவர் நான்கே ஆண்டுகளில் தீர்த்துவிட்டார். டேனியலுக்கும் மேரி ஆன் கார்டுக்கும் பட்ட கடனை, அவர்களிடம் கற்ற முறையிலேயே அவர்கள் கதையைச் சொல்லி, வாழ்நாள் முழுவதும் தீர்த்துக்கொண்டிருந்தார்.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் - ஓய்வு)